கொடிநாள் டிசம்பர்

டிசம்பர் 1, 2024, ஞாயிறு. திண்டிவனம்

ராத்திரி முழுக்கப் பேய்மழை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துவிட்டதாம். மழை மட்டும் எங்களை விட்டபாடில்லை. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியிருக்கிறது. கரண்ட் இல்லை. கிறிஸ்து வருகையின் முதல் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் ஆளே இல்லை. ஆயர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, "தனியா இருக்கிற பெரியவங்க வீட்டை முதல்ல பாருங்க" என்று வாலிபர் சங்கப் பிள்ளைகளை அனுப்பினார்.

மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்த ஒரு பெரியவரின் ஓட்டு வீட்டில் முழங்கால் தண்ணீர். கட்டில் மேலேயே உட்கார்ந்திருந்தாராம். பிள்ளைகள் தூக்கிவந்து ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் படுக்க வைத்தார்கள். கையில் ஒரு மஞ்சள் பை. மாற்றுத் துணி உடுத்தும்போதுகூட அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

மஞ்சள் பையை இன்று என்னிடம் நீட்டினார். "டீச்சர், இதைக் கொஞ்சம் காய வெச்சுக் குடுங்க." படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக். நனைந்து உப்பியிருந்தது. ஒவ்வொரு தாளாகப் பிரித்து, நடுவில் நியூஸ் பேப்பரை வைத்து, கரண்ட் வந்ததும் ஃபேனுக்கு அடியில் பரப்பினேன். பேனாவால் எழுதிய இடமெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. படை எண்ணில் பாதிக்கு மேல் தெரியவில்லை.

பையின் அடியில் சங்கிராம் மெடல் இருந்தது. 1971 போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. "ஓரத்தைப் பாருங்க டீச்சர்" என்றார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர் எல்லாம் பொறித்திருக்கிறது. காகிதம் இழந்ததை உலோகம் வைத்திருந்தது. எண்ணை அப்படியே எழுதிக்கொண்டேன்.

இன்று ஆல்பர்ட் எக்கா நினைவு நாள். ஜார்க்கண்டின் குக்கிராமம் ஒன்றில் பிறந்த ஆதிவாசிக் கிறிஸ்தவர். அகர்தலா எல்லைக்கு அருகே கங்காசாகரில், 1971 டிசம்பர் 3 இரவுத் தாக்குதலில், தோழர்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த இயந்திரத் துப்பாக்கியை அடக்கப் பாய்ந்தார். காயம்பட்ட பிறகும் அடுத்த துப்பாக்கியைத் தேடிப் போய் அடக்கிவிட்டு உயிர்விட்டார். பரம்வீர் சக்ரா கிடைத்தது, அவர் மறைந்த பிறகு. நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 7, சனி

கொடிநாள். 1949 முதல் டிசம்பர் 7. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைக்கும் மூன்று நிறம். நான் வேலை பார்த்த காலத்தில் பிள்ளைகளிடம் காசு வாங்கிக்கொண்டு சட்டையில் கொடியைக் குத்திவிடுவோம். அந்தக் காசு எங்கே போகிறது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, எந்த ஆசிரியரும் சொன்னதில்லை.

போகிற இடங்களில் ஒன்று நம் மஞ்சள் பைக்காரரின் வீடாகவே இருக்கலாம். சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் 15 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். அதற்கு முன்பே விடுவிக்கப்பட்டவருக்குப் பொதுவாக மாதப் பணம் கிடையாது. இவர் அப்படி வெளியே வந்தவர். ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்து, ஓய்வூதியமும் இல்லாமல், 65 வயதைக் கடந்து வறுமையில் இருப்பவருக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. கொடிநாள் நிதியிலிருந்துதான் அது வருகிறது. உண்டியலில் விழும் பத்து ரூபாய்க்கு இப்படி ஒரு முகவரி இருக்கிறது. ஆனால் விண்ணப்பித்தவருக்குத்தான் வரும். இவர் விண்ணப்பித்ததே இல்லை. அப்படியொன்று இருப்பதே தெரியாது. விழுப்புரத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம் என்று இன்று சொன்னேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

முன்னாள் படைவீரர்களைக் கனம்பண்ணும் ஆராதனை. போன மாதமே முடிவு செய்தது. சபையாரோடு தெருவில் உள்ள இந்து, முஸ்லிம் படைவீரர்களையும் அழைத்திருந்தோம், எல்லோரும் வந்தார்கள்.

ஆராதனைக்கு முன்னால் ஒரு மூப்பர் கேட்டார்: "சத்துருவை நேசிக்கச் சொன்ன ஆண்டவர் சந்நிதியில போர்வீரனுக்கு மாலை போடலாமா டீச்சரம்மா?" நல்ல கேள்வி. ஒதுக்கித் தள்ளக்கூடாத கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். யோர்தான் கரையில் போர்ச்சேவகர்கள் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது யோவான் ஸ்நானகன் அவர்களை விரட்டவில்லை. ஒருவரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், சம்பளம் போதுமென்று இருங்கள் என்றார். தன் வேலைக்காரனுக்காகக் கெஞ்சி வந்த கப்பர்நகூம் நூற்றுக்கு அதிபதியின் விசுவாசத்தைக் கண்டு இயேசுவே வியந்தார். யூதரல்லாதவர்களில் பேதுரு நுழைந்த முதல் வீடு கொர்நேலியு என்ற படை அதிகாரியின் வீடு. சபை போரைப் புகழ வேண்டாம். போருக்கு அனுப்பப்பட்டு, திரும்பி வந்து, மறக்கப்பட்ட மனிதனைக் கைவிடவும் கூடாது. மூப்பர் தலையசைத்தார். பிறகு அவரே எழுந்து போய் நாற்காலிகளை எடுத்துப் போட்டார்.

சால்வை போர்த்தினோம். பெரியவரைப் பேசச் சொன்னோம். மைக்கைப் பிடிக்கவில்லை, என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "சால்வை நெறைய இருக்கு டீச்சர். விழுப்புரம் ஆபீஸுக்கு என்கூட ஒருத்தர் வந்தா போதும்."

டிசம்பர் 9, திங்கள்

டாக்டர் ஐடா ஸ்கடர் பிறந்த நாள். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி. என்றால் உலகமே அறியும். அது முளைத்த இடம் நம்முடைய திண்டிவனம் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. தாயாரின் உடல்நலக் குறைவால் அமெரிக்காவிலிருந்து வந்து இங்குள்ள மிஷன் பங்களாவில் தங்கியிருந்த பெண். ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவிக்கு உதவ வேண்டும், ஆண் வைத்தியர் கூடாது. அப்பா டாக்டர், மகள் டாக்டர் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்தப் பெண் மருத்துவம் படிக்கப் போனார், 1900-இல் வேலூருக்குத் திரும்பி வந்தார்.

தட்டிய மூவரில் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம். கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை. ஐடா அம்மா அதற்கு அப்புறம் யாருக்கு வைத்தியம் பார்த்தார் என்று பார்த்தால், நம் சபை யாரோடு விழுப்புரம் போக வேண்டும் என்பதற்குப் பதில் கிடைத்துவிடும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இன்று இதைத்தான் பேசினேன். ஒரு படைவீரர் அல்லது படைவீரரின் விதவைக்கு இரண்டு பேர் துணை. எந்த மதம் என்று கேட்பதில்லை.

டிசம்பர் 10, செவ்வாய். விழுப்புரம்

காலை பஸ். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி தாண்டுகிற வரை இரண்டு பக்கமும் வயலெல்லாம் ஏரியாகக் கிடக்கிறது. பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, சாய்ந்த நெல்லையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் படையிலிருந்து வந்தவர். பெரியவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார், அவரும் எழுந்து நின்று அடித்தார். பிறகு வேலை வேகமாக நடந்தது. மெடல் விளிம்பில் இருந்த எண்ணைக் கொண்டு வெலிங்டனில் உள்ள ரெஜிமெண்ட் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். ஆதாரில் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருக்கிறது, அதற்குத் தனிக் கடிதம். வங்கிப் புத்தகம், போட்டோ, கையெழுத்து.

வரிசையில் ஒரு முஸ்லிம் அம்மா. கணவர் இறந்து பல மாதமாகிறது. ஓய்வூதிய ஆவணத்தில் மனைவி என்று இவர் பெயர் ஏறவேயில்லை. அந்தக் காலத்தில் கல்யாணமானதை யூனிட்டில் சொல்லிப் பதிய வைக்க வேண்டும் என்று யாருக்குத் தெரிந்தது? குடும்ப ஓய்வூதியம் நிற்கிறது. "படிக்கத் தெரியாதுமா, எங்க கையெழுத்துன்னு காட்டு" என்றார். உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். வேதாகமம் விதவைகளை விசாரிக்கச் சொல்வது இப்படிப்பட்ட இடத்தில்தான் என்று அந்தப் பெஞ்சில் எனக்கு உறைத்தது.

டிசம்பர் 16, திங்கள்

விஜய் திவஸ். 1971-இல் இதே நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. போர்க்கைதிகளானவர்கள் ஏறக்குறைய 93,000 பேர். பெரியவர் பின்னால் கைதிகள் முகாமில் காவலுக்கு இருந்திருக்கிறார். "நமக்கு என்ன சப்பாத்தியோ, என்ன பருப்போ, அவங்களுக்கும் அதுதான் டீச்சர். பசி எல்லாருக்கும் ஒண்ணு" என்றார். ராத்திரி ஜெபத்தில் அந்த முகாமில் இருந்தவர்களுக்காகவும் ஜெபிப்பாராம், இன்றுவரை. மூப்பரின் கேள்விக்கு நான் சொன்னதைவிடச் சரியான பதில் இது.

டிசம்பர் 22, ஞாயிறு

கீத பவனி முடிந்து வந்தேன். இந்த ஆண்டு படைவீரர் வீடுகளில் நின்று பாடியதோடு, போன் வைத்திருக்கும் பிள்ளைகள் ஒரு வேலையும் செய்தார்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்குச் சான்று தர வேண்டும், தராவிட்டால் பணம் நின்றுவிடும். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. முகத்தைக் காட்டியே பதியும் வசதி ஜீவன் பிரமாண் செயலியில் இருக்கிறது. கெடு நெருங்கிய பெரியவர்களுக்குப் பிள்ளைகள் திண்ணையிலேயே பதிந்து கொடுத்தார்கள்.

பெரியவரின் விண்ணப்பம் போயிருக்கிறது. உத்தரவு இன்னும் வரவில்லை. வரும்வரை அரிசியும் மருந்தும் சபையின் பொறுப்பு என்று கமிட்டி தீர்மானித்துவிட்டது.

இதைப் படிக்கிற சபையாருக்கு: உங்கள் தெருவிலும் ஒரு மஞ்சள் பை இருக்கும். கிறிஸ்துமஸுக்குள் அந்த வீட்டுக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் புக் இருக்கிறதா, மனைவி பெயர் ஏறியிருக்கிறதா, ஆதாரில் பெயர் ஒத்துப்போகிறதா, மாதப் பணம் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லையென்றால் ஒருநாள் லீவு போட்டு, அவரோடு பஸ் ஏறுங்கள்.