ரூம் பாய்க்கு ஒரு ரூம்!

ஊட்டி, குன்னூர்க்காரங்களுக்கு ஒரு விநோதமான ராசி உண்டு. தெருவுக்கு நாலு ஹோட்டல் இருக்கும். ஆனா, நாம ஒண்ணுலகூட தங்கியிருக்க மாட்டோம்! ஏப்ரல், மே ஒரு சீசன். செப்டம்பர், அக்டோபர் இன்னொரு சீசன். பஸ் ஸ்டாண்டுல இறங்குறவங்க நம்மைப் பிடிச்சு, ‘‘நல்ல ஹோட்டல் எதுங்க?’’ம்பாங்க. வெளிச்சுவரு பெயின்ட்டை வெச்சு வழி சொல்லி அனுப்புவோம். உள்ளே மெத்தை எப்படின்னு யாருக்குத் தெரியும்?

என் அப்பாவுக்குத் தெரியும். ஊட்டியில ஒரு ஹோட்டல்ல 26 வருஷம் ரூம் பாய். ஆயிரக்கணக்கான தடவை மெத்தை விரிச்சவர். ஒரு தடவைகூட அதுல படுத்ததில்லை.

அப்பாவோட இன்னொரு உலகம் டிரான்சிஸ்டர். அதிலும் நாதஸ்வரம்னா உயிர். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையோட தோடி வந்துட்டா, மனுஷன் கண்ணை மூடிக்குவார். 1998-ம் வருஷத்து ‘சங்கீத கலாநிதி’ விருதை ஷேக் சின்ன மௌலானாவுக்கு சென்னை மியூசிக் அகாடமி அறிவிச்சப்ப, பேப்பர்ல வந்த போட்டோவை வெட்டி பீரோ கதவுல ஒட்டினார். அன்னிலேர்ந்து ஒரே ஆசை... அந்த ஹால்ல ஒரு தடவை உட்காரணும்!

எனக்கு வேலை கிடைச்சு முதல் போனஸ் வந்ததும், டிசம்பர் சீசனுக்கு ரெண்டு பேருக்கும் ரயில் டிக்கெட் போட்டேன். ஹோட்டல்லதான் சண்டை ஆரம்பிச்சுது.

‘‘எக்மோர் பக்கம் ஒரு லாட்ஜ் பாரு கண்ணு. படுக்கத்தானே?’’ - இது அப்பா.

‘‘முடியாது. ஸ்டைலான ஹோட்டல்தான். வெள்ளை மெத்தை, கண்ணாடி லிஃப்ட், காபி கொண்டுவந்து தர ஆள்...’’ - இது நான்.

‘‘அந்தக் காசுக்குப் பத்து கச்சேரி கேட்கலாமே!’’

‘‘பல சபாவுல பகல் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாதுப்பா. மிச்சமாகிற காசுதான் ஹோட்டலுக்கு!’’

சிரிச்சுட்டார். ‘‘சரி, ஆனா ஹோட்டலை நான்தான் பார்ப்பேன்’’னு ஒரு கண்டிஷன். அப்பதான் தெரிஞ்சுது, என் வீட்டுலயே ஒரு நிபுணர் இருக்கார்னு. மக்களே, நோட் பண்ணிக்குங்க...

‘‘லாபி போட்டோவைப் பார்த்து மயங்காதே. லாபியிலயா தூங்கப் போறோம்?’’

‘‘ஹோட்டலை விடு, முதல்ல சபாவைப் பாரு’’ன்னார். மியூசிக் அகாடமி டி.டி.கே. சாலையில. அதே சாலையில கொஞ்சம் தெற்கே நாரத கான சபா. மயிலாப்பூர்ல பாரதிய வித்யா பவன், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப். கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் தி.நகர்ல. ஆக, ராதாகிருஷ்ணன் சாலை, ஆழ்வார்ப்பேட்டை, மயிலாப்பூர்... இதுக்குள்ள ரூம் கிடைச்சா பாதி சபாவுக்கு நடந்தே போயிடலாம். ராத்திரி கச்சேரி விட்டதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல ஆட்டோவுக்குக் கை காட்டும். அப்ப நடந்து போறவன்தான் ராஜா!

அடுத்தது, நேரம். நீலகிரி எக்ஸ்பிரஸ் காலங்காத்தால சென்ட்ரல்ல இறக்கி விட்டுடும். செக்-இன் மதியம் 12 மணின்னா பெட்டியோட எங்கே போறது? அகாடமியில காலையிலேயே இசை பத்தின விளக்க நிகழ்ச்சிகள் ஆரம்பிச்சுடும். அதனால 24 மணி நேரக் கணக்கா, சீக்கிரம் ரூம் தருவாங்களான்னு போன்லயே கேட்டுக்கணும்.

மூணாவது, எந்தப் பக்க ரூம்? ரோட்டுப் பக்கம் வேண்டாம், லிஃப்ட் பக்கத்துல வேண்டாம், கல்யாண ஹாலுக்கு மேல வேண்டவே வேண்டாம். மத்தியானம் ஒரு தூக்கம் போட்டாதான் சாயங்காலக் கச்சேரியில கொட்டாவி வராது. டிபன் சேர்த்து ரேட் சொன்னா, டிபன் இல்லாத ரேட்டைக் கேளு. சபா கேன்டீன் எதுக்கு இருக்கு?

1927-ல சென்னையில நடந்த காங்கிரஸ் மாநாட்டோட ஒரு இசை மாநாடும் நடந்துச்சு. அதுல பொறந்ததுதான் 1928-ல ஆரம்பிச்ச மியூசிக் அகாடமி. இன்னிக்கு டிசம்பர் பாதியிலேர்ந்து ஜனவரி முதல் தேதி வரைக்கும் வெளிநாட்டு ரசிகர்களும் வந்து குவியறாங்க. அதனால ரூமை முன்னாடியே போட்டுடணும். கச்சேரி லிஸ்ட் பின்னாடிதான் வரும்ங்கிறதால, கேன்சல் பண்ணினா காசு திரும்புமான்னும் கேட்டு வெச்சுக்கணும்.

எல்லாம் கேட்டு, அகாடமிக்குப் பத்து நிமிஷ நடையில ஒரு ஹோட்டல். நான் கேட்ட வெள்ளை மெத்தையும் உண்டு! சென்னையில ஸ்வெட்டர், மஃப்ளரோட கச்சேரிக்கு வந்தவங்களைப் பார்த்து எங்க ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கலை. குன்னூர்ல இந்தக் குளிருக்கு ஃபேன் போடுவோம்! அன்னிக்கு ஹால்ல நாதஸ்வரம் ஆரம்பிச்சதும் அப்பா கண்ணை மூடலை. மேடையையே பார்த்துட்டிருந்தார். நான் அவரைப் பார்த்துட்டிருந்தேன்.

ராத்திரி ரூமுக்கு வந்தா... தரையில போர்வையை விரிச்சுப் படுத்துட்டார். ‘‘மெத்தை கலைஞ்சுடும் கண்ணு. எவனோ கஷ்டப்பட்டு மடிச்சிருக்கான்.’’ கெஞ்சினேன், கோபப்பட்டேன், அழுதேன். அசையலை. வாங்கின போனஸெல்லாம் எதுக்குன்னு ஆயிடுச்சு.

மறுநாள் காலையில ரூம் பாய் வந்தான். என் வயசுதான் இருக்கும். கலையாத மெத்தையைப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு. ‘‘சார், மெத்தை சரியில்லையா? வேற மாத்திடறேன் சார். கீழே கம்ப்ளெயின்ட் மட்டும் சொல்லிடாதீங்க சார்...’’

26 வருஷம் மத்தவங்களை ‘சார்’னு கூப்பிட்டவர், ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம், ‘‘மெத்தை ஜோரா இருக்கு தம்பி. எத்தனை ரூம் உனக்கு?’’ன்னார். ‘‘14 சார்.’’ அவன் கையில டிப்ஸை வெச்சு, தோளைத் தட்டி அனுப்பினார்.

அன்னிக்கு ராத்திரி, அந்தப் பையனுக்காகவே, என் அப்பா மெத்தையில ஏறிப் படுத்தார். அஞ்சு நிமிஷத்துல குறட்டை. தோடி இல்லைதான்... ஆனா, சுருதி சுத்தமா இருந்துச்சு!