சாம்பிளும் மூடையும்

போடியில் ஏலக்காய் ஏலம் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் தமிழ்நாட்டுப் பக்கம் போடிநாயக்கனூரிலும், கேரளப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். கைக்கு வருவது கொஞ்சம் சாம்பிள் காய்தான், மூடையெல்லாம் வேறெங்கோ கிடக்கும். நிறத்தைப் பார்த்து, 7 மில்லியா 8 மில்லியா என்று பருமனைப் பார்த்து, அந்தக் கையளவு காயை நம்பி மொத்த லாட்டுக்கும் விலை சொல்லிவிடுவார்கள். சாம்பிள் ஒன்றாகவும் மூடை வேறாகவும் இருந்துவிட்டால், அந்த ஆளின் சரக்கை அடுத்த முறை யாரும் சீந்த மாட்டார்கள்.

இண்டர்நெட்டில் டி-ஷர்ட் விற்பதும் அச்சு அசலாக இதே வியாபாரம்தான். வாங்குகிறவர் துணியைத் தொடுவதில்லை, போட்டுப் பார்ப்பதில்லை. அவருக்குக் கிடைக்கும் சாம்பிள் ஒரே ஒரு படம். அந்தப் படத்துக்குப் பெயர் மாக்கப். இந்த உண்மையை ராசிங்காபுரத்துப் பையன் ஒருவன் 6,160 ரூபாய் கட்டித் தெரிந்துகொண்டான். அந்தக் கதைதான் இது.

ராசிங்காபுரம், போடியிலிருந்து தேவாரம் போகிற வழியில் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். சீசன் வந்துவிட்டால் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஆட்களை அள்ளிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும். பையனுடைய அம்மாவும் அதில் ஒருவர். சீசன் இல்லாத நாட்களில் போடி குடோனில் காய் பொறுக்குவார். பையன் படிப்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். மச்சானுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பிளெயின் டி-ஷர்ட் வாங்கி, தமிழ் வாசகம் அச்சடித்து ஆன்லைனில் விற்கலாம் என்று யோசனை பிறக்க இவ்வளவு போதாதா? முதலுக்கு அம்மா தன் சுய உதவிக் குழுவில் பத்தாயிரம் கடன் எடுத்துக் கொடுத்தார்.

இந்த யோசனையைக் கிறுக்குத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 2000ல் தொடங்கிய த்ரெட்லெஸ், டிசைனைப் படமாகக் காட்டி, ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்ததை மட்டும் அச்சடித்து விற்றது. நம்மூர் உதாரணமும் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் விமான நிலையத்தில் இந்தி தெரியாது என்றதற்கு 'நீங்கள் இந்தியரா?' என்று கேட்டார்கள் என கனிமொழி எழுதினார். செப்டம்பரில் யுவன் சங்கர் ராஜாவும் மெட்ரோ ஷிரிஷும் வாசகம் போட்ட டி-ஷர்ட்டுகளோடு ஒரு படம் வெளியிட்டார்கள். ஷிரிஷின் சட்டையில் இருந்த 'இந்தி தெரியாது போடா' ஊரெல்லாம் பரவியது. திருப்பூரில் ஆர்டர் குவிகிறது என்று பத்திரிகைகள் எழுதின. எல்லாம் ஒரே ஒரு படத்தால் வந்தது. இந்த மாதிரி அலை சில நாள்தான் நிற்கும். ஆளைப் பிடித்து, சட்டையைப் போட வைத்து, ஒவ்வொரு நிறமாகப் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் அலை கரை சேர்ந்துவிடும்.

கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. 10 டிசைன், 6 நிறம் என்றால் 60 படம். அத்தனையையும் அச்சடித்துப் போட்டோ எடுக்க அம்மாவின் கடன் பத்தாது. ஆனால் ஒரே ஒரு டெம்ப்ளேட் செய்துவிட்டால், டிசைனை மாற்றி மாற்றிச் சொருகி ஒரு ராத்திரியில் 60 படமும் முடிந்துவிடும்.

சரி, டெம்ப்ளேட் எப்படி வேலை செய்கிறது? வெள்ளை டி-ஷர்ட் ஒன்றைப் படம் எடுத்து, பின்னணியை வெட்டி நீக்க வேண்டும். அதன் அடியில் ஒரு நிற லேயர். மேலே இருக்கும் சட்டைப் படத்தை மல்டிப்ளை என்ற முறையில் வைக்க வேண்டும். மல்டிப்ளை என்றால் பெருக்கல், வேறு மாயம் எதுவும் கிடையாது. வெள்ளை என்பது 1, கருப்பு என்பது 0. சட்டையின் வெள்ளைப் பகுதி 1 என்பதால் அடியில் இருக்கும் நிறம் அப்படியே தெரியும். மடிப்பின் நிழல் 0.8 என்றால் நிறம் அந்த அளவுக்கு மங்கும். இப்படித்தான் ஒரே வெள்ளைச் சட்டை சிவப்பாகவும் நீலமாகவும் மாறுகிறது. கருப்புச் சட்டைக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது. 0.05ஐ 0.8ஆல் பெருக்கினால் 0.04. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாமல் சட்டை தார் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். கருப்புக்குத் தனியாக ஒரு கருப்புச் சட்டையைத்தான் படம் எடுக்க வேண்டும்.

டிசைன் உட்காரும் இடத்தில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட். 1990ல் வந்த போட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994ல், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வந்தது 2005ல், சிஎஸ்2 பதிப்பில். அதை ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை கிளிக் செய்தால் பெட்டி திறக்கும். பழைய டிசைனை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து சேவ் செய்தால், சாய்வு, நிழல், மடிப்பு எல்லாம் தானாக அதன் மேல் ஏறிக்கொள்ளும். துணியின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப எழுத்து வளைய, சட்டையின் கருப்பு வெள்ளைப் பிரதியை லேசாக மங்கலாக்கி, டிஸ்ப்ளேஸ் ஃபில்டருக்குக் கொடுக்க வேண்டும். காசு கொடுத்து போட்டோஷாப் வாங்க முடியாதவர்களுக்கு பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ இருக்கிறது. பி.எஸ்.டி. ஃபைலையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டையும் அது திறக்கும். பையன் அதில்தான் செய்தான்.

நண்பர்களே, தமிழில் ஒரு தனித் தலைவலி உண்டு. கொம்பு! பழைய போட்டோஷாப்பில் யூனிகோடில் 'போடா' என்று அடித்தால் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நிற்கும். பிற்காலப் பதிப்புகளில் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான வழியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். அல்லது இங்க்ஸ்கேப்பில் அடித்து, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிவிடலாம். அப்படி மாற்றுவதில் இன்னொரு லாபம்: அச்சகத்துக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை.

இத்தனையும் பையன் ஒழுங்காகத்தான் செய்தான். படம் அருமையாக வந்தது. அங்கேதான் வினை.

பொங்கல் கபடிப் போட்டிக்காக ஒரு டீமிடமிருந்து 22 சட்டைக்கு ஆர்டர் வந்தது. பாட்டில் பச்சை, நெஞ்சில் டீம் பெயர், சட்டை 280 ரூபாய். மொத்தம் 6,160. பார்சல் போன மறுநாளே போன்.

"தம்பி, படத்துல நெஞ்சு நெறைய எழுத்து இருந்துச்சு. இங்க தபால் தலை ஒட்டுன மாதிரில இருக்கு?"

"அண்ணே, சைஸ் பெருசானா கொஞ்சம் சின்னதாத்தாண்ணே தெரியும்..."

"அதை விடுப்பா. பச்சையாவது பச்சையா இருக்கா? இது கருப்புய்யா."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. டெம்ப்ளேட்டுக்கு அவன் எடுத்தது மீடியம் சட்டை, விரித்துப் போட்டால் மார்பு அகலம் 20 இஞ்ச். அதில் அழகுக்காக 60 சதவீத அகலத்துக்கு டிசைனை இழுத்து வைத்திருந்தான். அதாவது 12 இஞ்ச். அச்சடிக்கும்போது செலவைக் குறைக்க ஏ4 ஷீட்டுக்குச் சொல்லிவிட்டான். அதில் கிடைப்பது 8 இஞ்ச். கபடி ஆட்களோ பெரும்பாலும் டபுள் எக்ஸ்எல், 23 இஞ்ச் மார்பு. 23ல் 8 என்றால் 35 சதவீதம். படத்தில் பாதிக்கு மேல், நேரில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். பச்சையும் அப்படியே. திருப்பூர்த் துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், ஸ்கிரீனில் கண்ணுக்குக் குளுமையாக இருந்த ஒரு பச்சையைத் தேர்ந்தெடுத்திருந்தான். ஸ்கிரீன் ஒளியை வீசுகிறது, துணி ஒளியை வாங்கித்தான் காட்டுகிறது. அந்தப் பளபளப்பு துணியில் எங்கிருந்து வரும்?

டீம் பெயர் அச்சடித்த சட்டையை வேறு யாருக்கும் விற்க முடியாது. 'கஸ்டம் ஆர்டர் ரிட்டர்ன் கிடையாது' என்று சொல்லிவிடு என்றார் மச்சான். பையன் ராத்திரி முழுக்க யோசித்தான். காலையில் ஜீப்புக்குக் கிளம்பிய அம்மா, ஒரு சட்டையையும் மொபைலில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏண்டா, சாம்பிளு ஒண்ணு, மூடை ஒண்ணுமா இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். கடன் அவருடையது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பையன் 6,160ஐயும் திருப்பி அனுப்பினான்.

சட்டமும் அம்மா பக்கம்தான் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும். விளம்பரத்தில் காட்டியபடி பொருள் இல்லாவிட்டால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. மாக்கப்பும் விளம்பரம்தானே!

பிறகு பையன் டெம்ப்ளேட்டை முதலிலிருந்து செய்தான். இதுபோல் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் அவன் வழிமுறை இதோ:

1. மாடிப்படி நிழலில் தரையில் சட்டையை விரித்து, படியின் கைப்பிடியில் மொபைலைக் கட்டி நேர் மேலிருந்து படம். பக்கத்தில் ஒரு டேப், ஒரு வெள்ளைப் பேப்பர். டேப் அளவுக்கு, பேப்பர் நிறத்தைச் சரிபார்க்க.

2. படத்தில் 20 இஞ்ச் 2,000 பிக்ஸலாக வரும்படி வைத்துக்கொண்டான். இஞ்சுக்கு 100 பிக்ஸல். 8 இஞ்ச் டிசைன் என்றால் 800 பிக்ஸல், அதற்கு மேல் ஒரு பிக்ஸல்கூட இழுக்கக் கூடாது. ஏ4க்கு ஒரு பெட்டி, ஏ3க்கு ஒரு பெட்டி, இரண்டையும் லாக் செய்துவிட்டான்.

3. மீடியத்துக்கு ஒரு படம், டபுள் எக்ஸ்எல்லுக்கு அதே உயரத்திலிருந்து தனிப் படம். வாங்குகிறவர் இரண்டையும் பார்ப்பார்.

4. நிறத்தை ஸ்கிரீனில் தேடுவதில்லை. வந்திருக்கும் துணியை வெள்ளைப் பேப்பரோடு படம் எடுத்து, அதிலிருந்தே நிறத்தை எடுக்கிறான். திருப்பூரில் ஒரே பாட்டில் பச்சை சாயத்துக்குச் சாயம், லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும். அதனால் லேயரின் பெயரிலேயே லாட்டையும் தேதியையும் எழுதிவைக்கிறான்.

5. மாக்கப் படங்களுக்குக் கடைசியில் உண்மையாக அச்சடித்த ஒரு சட்டையின் போட்டோ, எந்த மெருகும் போடாமல்.

புதிய படங்கள் பழையவற்றைப் போல் பளபளப்பாக இல்லை. எழுத்து சின்னதாக இருக்கிறது, பச்சை இருட்டாக இருக்கிறது. ஆர்டரும் கொஞ்சம் குறைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்த ஆர்டர் திரும்பி வரவில்லை.

ஏலக்காயிலும் இரண்டு வழி உண்டு. பறித்த காயை 2 சதவீத வாஷிங் சோடா கரைசலில் 10 நிமிஷம் ஊற வைத்து உலர்த்தினால் காயின் சொந்தப் பச்சை மங்காமல் நிற்கும். அது முறை. செயற்கைச் சாயம் ஏற்றினால் அதைவிடப் பச்சையாக இருக்கும். அது குற்றம். மடிப்பை நீவி, நல்ல வெளிச்சத்தில் படம் எடுப்பது முதல் வகை. இல்லாத பச்சையை ஏற்றுவது இரண்டாவது வகை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு, மலையில் காய் எடுப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். மவுஸ் பிடிக்கிறவர்களுக்குத்தான் சில சமயம் மறந்துவிடுகிறது.

குழுக் கடன் இன்னும் மாதத் தவணையாக அடைந்துகொண்டிருக்கிறது. விற்காத 22 சட்டைகளும் வீண் போகவில்லை. தோட்டத்துக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொள்வது வழக்கம். விடியற்காலையில் ராசிங்காபுரத்தில் ஜீப்புக்கு நிற்கும் கூட்டத்தில், இருட்டுப் பச்சையில் ஒரு கபடி டீமின் பெயரைச் சுமந்துகொண்டு ஏழெட்டு அம்மாக்கள் நிற்பார்கள். எழுத்து என்னவோ சின்னதுதான். கிட்டப் போனால் வாசிக்கலாம்.