செத்த காலேஜில் ஒரு பாறு

சின்னவளுக்குப் படம் வரையறதுன்னா உயிர். மயில், கொக்கு, ஆந்தை என்று எங்க காட்டுக்கு வருவதையெல்லாம் வரைந்துவிட்டாள். பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, அது மட்டும் பாக்கி. போனைப் பார்த்து வரைய மாட்டேன், நேர்ல பாக்கணும்னு அடம். ஊர்ல ஏது பாறு?

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். 1851ல் ஆரம்பித்தது. பழைய மெட்ராஸ்காரர்கள் அதைச் 'செத்த காலேஜ்' என்பார்களாம். திமிங்கல எலும்புக்கூட்டைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை. பாறு இருந்த கண்ணாடி முன்னால் தரையில் உட்கார்ந்து, வளைந்த அலகு, மொட்டைக் கழுத்து என்று ஒவ்வொன்றாக வரைந்தாள்.

"அப்பா, இது பறக்கும்போது எப்படி இருக்கும்?"

நான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் மாடு செத்தால் ஊருக்கு வெளியே போடுவோம். வானத்தில் வட்டமடித்து இறங்கும். மறுநாள் எலும்புதான் கிடக்கும். ரெண்டு கையையும் விரித்து, இறக்கை அடிக்காமல் மிதப்பதை நடந்து காட்டினேன். காவலாளி சிரித்தார். அவள் அதையும் வரைந்துகொண்டாள்.

மிச்சத்தை ரயிலில்தான் சொன்னேன். மாட்டு வலிக்கு டைக்ளோபினாக் ஊசி போட்டோம். நானும் போட்டிருக்கேன். அந்த ஊசி போட்டுச் செத்த மாட்டைத் தின்ன பாறுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 2006ல் மாடுகளுக்கு அதைத் தடை செய்தார்கள். இன்று தமிழ்நாட்டில் மாயாற்றுப் பக்கம்தான் கொஞ்சம் மிச்சம்.

அவள் ஒண்ணும் பேசல. நோட்டைத் திறந்து, பறக்கிற பாறுக்குக் கீழே எங்க வீட்டு மாட்டை வரைந்தாள்.