மூத்தம்மாவின் தோல்

கல்முனைக்குடியில் பிறர் நெல்லை அவித்து, வெயிலிற் பரப்பிக் காயவைத்தே மூத்தம்மாவின் கைகள் சுருங்கின. முதுமையில் தோலின் எண்ணெய்ச் சுரப்புக் குறையும்; புறஊதாக் கதிர்களோ அதன் கொலாஜன் இழைகளைச் சிதைக்கும். இவற்றை அவர் படித்தறியார். எனினும் முக்காடின்றி வெயிலில் இறங்கார். தேங்காயெண்ணெய் தடவாது உறங்கார்.

பெண்பார்க்க வந்தோர் நிறத்தைக் குறைகூறிச் சென்றபின், பேத்தி பெயர் விவரமற்ற வெண்மைக் களிம்பொன்றை வாங்கி வந்தாள். இத்தகைய களிம்புகள் சிலவற்றில் பாதரசம் உண்டு. அது நிறமியைத் தடுப்பதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை தடுக்க முனைந்தும் அவை சந்தையினின்று மறையவில்லை.

மூத்தம்மா டப்பாவைப் பறிக்கவில்லை. தம் கையை நீட்டினார்.

“ஒங்கட வாப்பாவப் படிப்பிச்சது இந்தத் தோல்தான், மகள்.”

பேத்தி டப்பாவை மூடினாள். அன்றிரவு அவரது பாதவெடிப்புக்கு எண்ணெய் தடவியவள் அவளே.