காய்வதும் காத்திருப்பதும்

ஈரத்துணி காய்கிறது. களத்தில் பரப்பிய நெல் காய்கிறது. மழை ஓய்ந்தபின் மண்பாதை காய்கிறது. இவை யாவும் தம்மிடமுள்ள நீரை இழந்து காய்பவை. எண்ணெய் வண்ணம் அவ்வாறு காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணத்தைக் கித்தான்மேல் பூசியதும், அது காற்றிலுள்ள உயிர்வளியைச் சிறிது சிறிதாக உள்வாங்கத் தொடங்குகிறது. அவ்வாறு உள்வாங்க உள்வாங்க, எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகி, ஒரு மெல்லிய தோலாக மாறுகின்றன. ஆகவே காயத் தொடங்கும் நாள்களில் அதன் எடை குறைவதற்கு மாறாகச் சற்றே கூடுகிறது. பெற்றுக்கொண்டு காய்கிற பொருள் அது.

இந்த இயல்புதான் ஓவியனின் வேலைமுறையை வகுத்துத் தருகிறது. ஒரே அமர்வில் வரைந்து முடிப்போரும் உண்டு. ஆயினும் அடுக்கடுக்காகப் பூசி ஒரு முகத்தை உருவாக்க விரும்புகிறவர், ஓர் அடுக்குத் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும்வரை தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். அடியில் டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்த பூச்சு; மேலே செல்லச் செல்ல எண்ணெய் மிகுந்த பூச்சு. 'மெலிந்ததன்மேல் கொழுத்தது' என்பது ஓவியர்களிடையே வழங்கும் பழைய விதி. இதனை மாற்றிச் செய்தால், மெதுவாகக் காயும் அடித்தளம் அசைந்துகொண்டிருக்க, விரைவில் இறுகிய மேற்பரப்பு வெடித்துவிடும். எல்லா நிறங்களும் ஒரே வேகத்தில் காய்வதுமில்லை. மாங்கனீசு கலந்த மண்ணிறமாகிய அம்பர் விரைந்து காயும்; கருப்பு நெடுநாள் எடுத்துக்கொள்ளும்.

தென்னாட்டில் இக்கலை பரவிய வரலாற்றிலும் பொறுமைக்கு ஓர் இடமுண்டு. டென்மார்க்கில் பிறந்த தியோடர் ஜென்சன் என்னும் ஓவியர் 1868ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரண்மனையில் உருவப்படங்கள் வரைந்தார். அப்போது இளைஞராயிருந்த ரவிவர்மாவுக்கு அவர் பாடம் சொல்லித் தரவில்லை. தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார் என்பர். பின்னாளில் நம் வீட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்த படங்களின் படைப்பாளி, ஒருவர் வரைவதையும் அது காய்வதையும் பார்த்துப் பார்த்தே இத்தொழிலைக் கற்றார்.

நான் ரவிவர்மா அல்லன். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன். சென்ற நவம்பரில் பெரும்பாறையிலுள்ள என் அக்காளின் வீட்டிற்குச் சென்றபோது, பெட்டியில் துணிகளைவிட வண்ணக் குழாய்களே மிகுதியாக இருந்தன. அக்காளை வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். நம் இல்லங்களில் முதியோரின் உருவப்படம் பெரும்பாலும் அவர்கள் மறைந்த பிறகே சுவரேறுகிறது. வாக்காளர் அட்டையிலிருந்தோ பழைய திருமணக் குழுப்படத்திலிருந்தோ ஒரு முகத்தைப் பெரிதாக்கி, மாலையிட்டு மாட்டிவிடுகிறோம். உயிரோடிருக்கும் ஒருவரை எதிரில் அமர்த்தி, நாள் கணக்கில் பார்த்து வரைவது வேறு.

சமவெளியிலிருந்து மலையேறித் தடியன்குடிசைக்கும் தாண்டிக்குடிக்கும் செல்லும் சாலையில் இருக்கிறது பெரும்பாறை. கொடைக்கானலின் கடுங்குளிரும் கூட்டமும் எட்டாத கீழ்ப்பழனி மலை அது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள்; அம்மரங்களையே பற்றி ஏறும் மிளகுக் கொடிகள்; இடையிடையே ஆரஞ்சும் மலைவாழையும் பலாவும். நவம்பர் முதல் சனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். அந்நாள்களில் அக்காள் ஓரிடத்தில் நாற்பது நிமிடம் அமர்வதென்பது அரிதினும் அரிது. அத்தான் இறந்தபின் தோட்டத்தைத் தனியாகவே பார்த்துவருகிறார். ஒரே மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறான். தோட்டத்தை விற்றுவிட்டுச் சமவெளிக்கு இறங்கிவிடுங்கள் என்று அவன் சொல்வதும், இவர் கையெழுத்திட மறுப்பதும் சில ஆண்டுகளாக நடக்கின்றன. தொலைபேசிப் பேச்சும் சுருங்கிவிட்டது. தந்தையின் அடக்கத்திற்கு வந்துபோனவன், அதன்பின் மலையேறவில்லை.

காலை வேலைக்காரர்கள் வருமுன் கிடைக்கும் சிறுபொழுதில் வடக்குச் சன்னலோரம் அமர்வது என்று உடன்பாடு ஆயிற்று. முதல் அமர்வில் நீர்த்த அம்பரால் முகத்தின் எல்லைகளையும் நிழல்களையும் மட்டும் குறித்தேன். சும்மா அமர்ந்திருக்க அக்காளுக்குக் கை வரவில்லை. ஒரு முறத்தில் காப்பிக் கொட்டையை வைத்துக்கொண்டு கழிவு பொறுக்கத் தொடங்கினார். அக்கணமே அவருடைய தோள்கள் தளர்ந்து முகம் தன் இயல்புக்கு வந்தது. முறத்தையும் கைகளையும் படத்தில் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாம் அமர்வுக்கு நான்கு நாள்கள் காத்திருக்க நேர்ந்தது. குளிரும் ஈரமும் வண்ணம் காய்வதைத் தாமதப்படுத்தும். மூடுபனி சில நாள் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். அடுப்படியில் வைத்தால் விரைவில் காயாதா என்று அக்காள் கேட்டார். விறகடுப்பின் புகையும் கரியும் ஈரவண்ணத்தில் படிந்துவிடும். மேலும், ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும் தன்மையுடையது. எனவே வெளிச்சம் படும் சுவரோரமாகவே கித்தானைச் சாய்த்து வைத்தேன்.

மூன்றாம் அமர்வு முடிந்த அன்று, தூரிகை துடைத்த கந்தல்களைத் துணிக்கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, கந்தலைக்கூடக் கொடியில காயப் போடுற? ஒரு மூலையில குவிச்சு வச்சா ஆகாதா?"

"குவிச்சா தானாவே தீப்பிடிச்சிரும் அக்கா. இந்த எண்ணெய் காத்தை உள்ளே இழுத்துத்தான் காயும். இழுக்கும்போது சூடாகும். விரிச்சுப் போட்டா அந்தச் சூடு வெளியே போயிரும்."

அக்காள் வியப்படையவில்லை. "பறிச்ச பழத்தைக் குவிச்சு வச்சாலும் அப்படித்தான். மறுநாள் உள்ளே கை வைக்க முடியாது" என்றார். ஆனால் காய்ந்தால் எடை கூடும் என்று நான் சொன்னதை மட்டும் அவர் ஏற்கவில்லை. "எடை கூடுற காய்ச்சல் எந்த ஊர்ல இருக்கு?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். காப்பி காயக் காய மூட்டை இலேசாவதை ஆண்டுதோறும் தம் தோளால் அறிந்தவர் அவர்.

நான்காம் அமர்வில் கைகளை வரைந்தேன். ஐந்தாம் அமர்வுக்கு வந்தபோது முகம் ஏறத்தாழ உருவாகியிருந்தது. அக்காள் எழுந்து வந்து படத்தின்முன் நெடுநேரம் நின்றார்.

"நரையெல்லாம் கருப்பாக்கிரு தம்பி. கண்ணுக்குக் கீழே இருக்கிற குழியையும் எடுத்துரு. அவன் இங்கிருந்து போகும்போது எப்படி இருந்தேனோ, அப்படிப் போட்டுரு."

ஏன் என்று கேட்டேன்.

"இந்தப் படம் எனக்கா? என் காலத்துக்குப் பிறகு அவன் வீட்டுக்குத்தானே போகும். இந்த முகத்தைப் பார்த்தா, தன்னாலதான் அம்மா இப்படி ஆனான்னு நினைப்பான். அவன் மனசு நோகக் கூடாது."

செய்ய இயலாத வேலையன்று. சிறிது அம்பரும் கருப்பும் கலந்து இழுத்தால் பத்தாண்டு குறைந்துவிடும். எண்ணெய் வண்ணத்தின் பெருவசதியே அதுதான். எதையும் எதன்மேலும் பூசி மறைக்கலாம். ஆனால் என் எதிரிலிருந்த முகத்தில் அந்தக் குழிகளும் நரையும் வெறும் முதுமையின் அடையாளங்களாக எனக்குத் தோன்றவில்லை. அவர் தனியே கழித்த ஆண்டுகள் அங்கே இருந்தன. அவற்றை எடுத்துவிட்டால் எஞ்சுவது அழகான ஒரு பெண்ணின் படமாயிருக்கும். என் அக்காளின் படமாயிராது. எனினும் ஒரு தாய் தன் மகனுக்காகக் கேட்பதை மறுக்க ஓவியனுக்கு என்ன உரிமை? "அடியில் இன்னும் காயலை அக்கா. அடுத்த வாரம் பார்ப்போம்" என்றேன். அது உண்மையும்கூட.

அந்தக் காத்திருப்பின்போது ஒரு மாலை, கெண்ட் நகரத்து ஆட்டுக்குட்டியின் கதையை அவருக்குச் சொன்னேன். பெல்ஜியம் நாட்டில் கெண்ட் நகரிலுள்ள புனித பாவோ பேராலயத்தில், வான் எய்க் சகோதரர்கள் உருவாக்கி 1432ஆம் ஆண்டு முடிவுற்ற பீட ஓவியம் ஒன்றுண்டு. எண்ணெய் வண்ணத்தின் வரலாற்றில் தலையாய படைப்புகளுள் அது ஒன்று. அதன் நடுப்பகுதியில், பீடத்தின்மேல் நின்று இரத்தம் சிந்தும் இறைவனின் ஆட்டுக்குட்டி. 16ஆம் நூற்றாண்டில் யாரோ அந்த ஆட்டுக்குட்டியின்மேல் வண்ணம் பூசி, அதன் முகத்தைச் சாதாரண ஆட்டின் முகமாக மாற்றிவிட்டனர். 1950களின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் பழைய காதுகள் மட்டும் வெளிப்பட்டன. புதிய காதுகளும் அப்படியே இருந்தன. அதனால் பல்லாண்டுக் காலம் அந்த ஆட்டுக்குட்டி நான்கு காதுகளோடு காட்சி தந்தது.

இதைக் கேட்டு அக்காள் வாய்விட்டுச் சிரித்தார். நான் தொடர்ந்தேன். 2012இல் தொடங்கிய பெரும் சீரமைப்பில், வல்லுநர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையோடு மேற்பூச்சைச் சிறுகத்தியால் சுரண்டியெடுத்தனர். கீழே முதல் முகம் அப்படியே இருந்தது. 2020இல் அது பேராலயத்திற்குத் திரும்பியபோது பலர் திடுக்கிட்டனர். அந்த முகம் இனிமையானதாக இல்லை. நேர்நோக்கிய இரு கண்கள், மனிதக் கண்களைப் போல், பார்ப்பவரை உற்றுப் பார்த்தன. ஏறத்தாழ 500 ஆண்டுகளாக மக்கள் மண்டியிட்டது மென்மையாக்கப்பட்ட ஒரு முகத்தின் முன்னே.

"முதல்ல வரைஞ்சவன் பார்க்கிற மாதிரிதானே வச்சிருக்கான். பின்னால வந்தவனுக்குத்தான் அந்தப் பார்வை தாங்கலை" என்றார் அக்காள். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பகலில் தூறல் விழுந்தது. தோல் நீக்கிக் கழுவிய காப்பிக்கொட்டை களத்தில் பரப்பியிருந்தது. வேலை செய்தவர்கள் தார்ப்பாயை இழுத்து மூடினர். தூறல் நின்ற பின்னும் அது மூடியே கிடந்தது. அக்காள் விரைந்து சென்று, தாமே தார்ப்பாயின் ஒரு முனையைப் பற்றி இழுத்தார். "காயுறதுக்கு முன்னாலே மூடியே வச்சா பூசணம் பிடிச்சிரும்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார். பிறகு ஒரு நொடி தார்ப்பாயைப் பிடித்தபடியே நின்றார்.

அன்று மாலை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நரையை விட்டுரு தம்பி. கண்ணையும் அப்படியே விட்டுரு. பார்க்கட்டும்" என்றார். அன்றிரவு அடுப்படியில் வெகுநேரம் விளக்கு எரிந்தது. மகனோடு தொலைபேசியில் பேசும் குரல் தாழ்ந்தும் உயர்ந்தும் கேட்டது. தோட்டத்தைப் பற்றி என்ன பேசினார்கள் என்று நான் கேட்டறியவில்லை. மறுநாள் காலை அமர்வுக்கு வந்தபோது அவருடைய கண்கள் சிவந்திருந்தன. அந்தச் சிவப்பையும் நான் மறைக்கவில்லை. கண்ணோரங்களில், எண்ணெய் மிகுந்த மெல்லிய பூச்சாக, ஒரு துளி செந்நிறம் சேர்த்தேன். கீழுள்ள அடுக்குகள் அதன் ஊடே தெரிந்தன.

வேலை செய்யாத நாள்களில் வேலை நடக்கிறது என்பதை இப்படத்தைப்போல் எதுவும் எனக்குக் காட்டியதில்லை. ஏழு அமர்வுகள்; கூட்டினால் ஆறு மணி நேரம்கூட இராது. எஞ்சிய ஏழெட்டு வாரங்களும் காற்றின் வேலை. தூரிகை ஓய்ந்திருந்த அந்நாள்களில்தான் அக்காள் பேசினார்; தமக்குள் ஒன்றைத் தீர்மானித்தார். உறவுகளிலும் நாம் பெரும்பாலும் பூசுவதில் விரைகிறோம். ஒரு மனத்தாங்கலின்மேல் இனிய சொல்லொன்றைப் பூசி, அது தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். அடியில் ஈரம் இருக்கும்வரை மேற்பூச்சு நிலைப்பதில்லை.

படம் இப்போது கூடத்தில், வெளிச்சம் படும் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. வார்னிஷ் இன்னும் பூசவில்லை. எண்ணெய் வண்ணம் உள்வரை இறுக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். மலையின் ஈரத்தை எண்ணி ஓராண்டு என்றே சொல்லிவைத்திருக்கிறேன். கோடைமழைக்குக் காப்பி பூக்கும் காலத்தில் வரப் பார்ப்பதாக மகன் சொல்லியிருக்கிறான். தோட்டத்தைப் பற்றி இருவரும் என்ன முடிவு செய்வார்களோ, அது அவர்கள் பாடு. வரும்போது அவன் காணப்போவது மேற்பூச்சில்லாத முகம். அதுவரை அந்தப் படம் மலைக்காற்றைப் பெற்றுக்கொண்டிருக்கும்.