டிஃப்புக்கு எவ்வளவு ஒயில்?

டிராக் ஓட்டம் எண்டால் எல்லாருக்கும் எஞ்சின்தான் கதை. பின்சில்லுகளுக்கு நடுவில தொங்குற டிஃபரன்ஷலை ஒருத்தரும் கேக்கிறேல்லை. ஆனால் எங்கட கூட்டத்துக்குள்ள இந்த வருசம் கடுமையாச் சண்டை பிடிச்சது, அதுக்குள்ள எவ்வளவு கியர் ஒயில் விடுறது எண்டதுக்குத்தான்.

கார், பழைய கேஈ70 கொரோலா. எங்களில ஒருவன்ர வீட்டுக் கார். ஞாயிற்றுக்கிழமை 402 மீற்றர் ஓடினால், திங்கட்கிழமை அதே காரிலதான் அவன்ர அம்மா தெல்லிப்பழைக்கு கிளினிக் போகவேணும். வீட்டில வேற வாகனம் இல்லை.

ரெண்டு பேர் குறைச்சு விடுவம் எண்டினம். அவையின்ர நியாயத்தைத் தள்ள ஏலாது. கிரவுண் வீல் சுத்தேக்க ஒயிலைத் தயிர் மாதிரிக் கடையுது. கடையிறதுக்கும் எஞ்சின்ர சக்திதான் போகுது. ஓட்டமோ இருபது செக்கனுக்குள்ள முடியிற சங்கதி.

மற்ற ரெண்டு பேர் கூட்டி விடுவம் எண்டினம். கார் பாய்ஞ்சு வெளிக்கிடேக்க ஒயில் பின்னுக்கு ஒதுங்கும். பினியன் இருக்கிறதோ முன்னுக்கு. கணக்குப் போட்டுப் பாத்தம். புவியீர்ப்பு முடுக்கத்தின் அரைவாசியில கார் பாய்ஞ்சால் ஒயிலின்ர மேல்மட்டம் கிட்டத்தட்ட 27 பாகை சரியும். முழுசாப் பாய்ஞ்சால் 45 பாகை. அந்த நேரம் பினியன் பெயாரிங்குக்கு ஒயில் போறது, கிரவுண் வீல் அள்ளி எறியிறதாலதான். அள்ளுறதுக்குக் கீழ போதிய ஒயில் இருக்கவேணும். இல்லாட்டில் பெயாரிங் காய்ஞ்சு இறுகும். ஓடுற வேகத்தில அது இறுகினால் ரெண்டு பின்சில்லும் பூட்டுப்பட்டுப் போகும். அதுக்குப் பிறகு ஸ்டியரிங் பிடிச்சிருக்கிறவன் செய்யிறதுக்குப் பெரிசா ஒண்டும் இல்லை.

அப்ப கூட்டி விட்டால் பாதுகாப்போ? அதுவும் இல்லை. கூடின ஒயில் நுரைக்கும், சூடேறும். அக்சில் குழாய் வழியா சில்லுப் பக்கம் போய் நிக்கும். சீலைத் தாண்டினால் அடுத்தது ட்ரம் பிரேக். 402 மீற்றர் முடிவில நிக்கவேண்டிய காருக்கு பிரேக் ஷூவில ஒயில் எண்டால் யோசிச்சுப் பாருங்கோ.

எங்களுக்குப் பழக்கமான கராச் அண்ணை ரெண்டு பக்கத்தையும் கேட்டுப்போட்டு ஒண்டுதான் சொன்னார்: "தம்பியவை, முதல்ல அளவுங்கோ. பிறகு சண்டை பிடியுங்கோ."

அளந்தம். காரை ஒரு பக்கம் மட்டும் ஜாக் போட்டுத் தூக்கினால் மட்டம் பொய் சொல்லும். அதால நாலு சில்லும் சமநிலத்தில. ஸ்பிரிங் மாத்தி அக்சில் முன்பின் சரிஞ்சிருந்தால் ஒயில் விடுற துளையின்ர உயரமும் மாறும், அதையும் பாத்தம். கம்பனிப் புத்தகத்தில சொன்ன ஜிஎல்-5 ஒயிலைத் துளையின்ர கீழ் விளிம்பு வரைக்கும் விட்டம். போத்தலில எவ்வளவு குறைஞ்சது எண்டு கொப்பியில எழுதினம். கழுவித் துடைச்ச அக்சில் எண்டபடியால் மெதுவா ஒரு சுத்து ஓடி, ஆறவிட்டுத் திரும்பத் திறந்தம். குழாய்க்குள்ளயும் கொஞ்சம் பரவினபடியால் மட்டம் இறங்கியிருந்தது. இறங்கினதை நிரப்பி அதையும் எழுதினம்.

ஓட்டம் முடிஞ்ச பின்னேரம் வடிச்சுப் பாக்க, விட்ட அளவுதான் திரும்பி வந்தது. சீல் காய்ஞ்சிருந்தது. ஒயிலுக்குள்ள காந்தம் விட்டுப் பாத்தம். மாவு மாதிரி மெல்லிய சாம்பல் படிவுதான். சீவல் எண்டால் பயப்பிடவேணும். இது சாதாரணத் தேய்மானம். புது ஒயில் விட்டு மூடினம்.

குறைக்கச் சொன்ன ரெண்டு பேரும் இன்னும் விட்டபாடில்லை. அடுத்த முறை 100 மில்லிலீற்றர் குறைச்சுப் பாப்பம் எண்டினம். பாக்கலாம். ஆனால் எங்களுக்குள்ள இப்ப ஒரு சட்டம் இருக்கு: ஒரு தரத்தில ஒரு மாற்றம்தான், அதுவும் கொப்பியில எழுதித்தான், திங்கட்கிழமை கிளினிக் இல்லாத கிழமையிலதான்.