நடுராத்திரி வெயிலில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை!

சொந்த ஊர் பெரணமல்லூர். ஆரணிப் பக்கம். பட்டுத் தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவன் நான். (2006 தேர்தல் வரை எங்கள் ஊர் பேரில் ஒரு சட்டமன்றத் தொகுதியே இருந்தது. பெருமையடித்துக்கொள்ள வேறு இடம் கிடைக்கவில்லை, மன்னியுங்கள்!) வெயில் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு?

ஆபீஸ் வேலையாகப் போன ஜூனில் நார்வேயின் ஆஸ்லோவுக்குப் போயிருந்தேன். அங்கே மளிகைக் கடையில் பழக்கமான யாழ்ப்பாணத்து இளைஞர், "எல்லாரும் போற இடத்துக்குப் போகாதேங்கோ. வடக்கை போட்ஸ்ஃபியோர் எண்டு ஒரு ஊர். என்ரை பெரியப்பா அங்கைதான் இருக்கிறார்" என்று கிளப்பிவிட்டார்.

நார்வேயின் வடகோடி, ஃபின்மார்க். குட்டி விமானம் இறங்கும்போதே வயிற்றைக் கலக்கியது. கீழே மொட்டை மலை, நடுவே நீளமாய்க் கடல். பனியாறு ஆயிரக்கணக்கான வருஷம் மலையை அரைத்துப் பள்ளம் பண்ண, பனி உருகிய பிறகு கடல் உள்ளே வந்து சட்டமாய் உட்கார்ந்துகொண்டது. இதுதான் ஃபியோர்ட். நகராட்சியின் பரப்பு 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். சென்னை மாநகராட்சியைப் போல மூன்று மடங்கு! ஜனத்தொகையோ இரண்டாயிரத்துச் சொச்சம். நம்மூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணக் கூட்டம்.

இவ்வளவு வடக்கே இருந்தும் துறைமுகம் உறைவதில்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தின் தயவு. அதனால் மீன், மீனால் ஃபேக்டரி, ஃபேக்டரியால் ஊர்.

"வாங்கோ தம்பி!" என்று வாசலுக்கே வந்துவிட்டார் அண்ணை. அறுபதைத் தாண்டியவர். 1983 கலவரத்துக்குப் பிறகு நார்வேக்கு வந்த தமிழர்களில் பலர் இந்த வடக்கு ஊர்களின் மீன் ஃபேக்டரிகளில்தான் நின்றார்கள். ரப்பர் பூட்ஸ், ஈரத்தரை, கையில் கத்தி. மீனிலிருந்து முள்ளில்லாமல் சதையைச் சீவி எடுக்கிற வேலை.

"நான் வந்தது நவம்பர் கடைசி. விடியுமெண்டு யன்னலைப் பாத்துக்கொண்டே இருந்தன் தம்பி. ஜனவரியிலைதான் விடிஞ்சது!"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு மாசத்துக்கு எட்டிப் பார்க்காத சூரியன், நமக்குப் பொங்கல் முடிந்த சில நாளில் அங்கே தலைகாட்டுமாம். வட நார்வேக்காரர்கள் அன்றைக்கு பன் சுட்டுத் தின்கிறார்கள். நாம் பொங்கல் வைக்கிறோம். சாமி ஒன்றுதான், பிரசாதம்தான் வேறு!

சாப்பாட்டுக்கு காட் மீன் குழம்பு. யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற காரம். கடற்கரையில் உப்பே போடாமல், குளிர்காற்றில் மட்டும் மீனைக் காயவைக்கிறார்களாம். அதை இத்தாலி, நைஜீரியா வரை வாங்குகிறார்கள். "உப்பில்லாக் கருவாடு... எனக்கு இன்னும் மனசு ஒப்பேல்லை" என்றார் அண்ணை.

ஒரு காலத்தில் அந்தத் தெருவில் நாலைந்து தமிழ் வீடுகளாம். பிள்ளைகள் வளர்ந்ததும் காலேஜ், நல்ல வேலை என்று ஒவ்வொரு குடும்பமாய் ஆஸ்லோவுக்கு நகர்ந்துவிட்டது. ஃபேக்டரியில் இப்போது லித்துவேனியா போன்ற நாட்டுக்காரர்கள். அண்ணையின் மகனும் தினம் போனில் கூப்பிடுகிறான், வீட்டை வித்துட்டு வாங்கோ என்று. அண்ணி போய்விட்டார், பேரப்பிள்ளை பார்க்க. இவர் மட்டும் 'அடுத்த வருஷம்' என்கிறார். எத்தனையாவது அடுத்த வருஷம் என்று நான் கேட்கவில்லை.

"உங்கடை ஊரிலை தறி இருக்கோ இன்னும்?"

"இருக்கு அண்ணே. அப்பா நெய்யறார். நான் சென்னையில கம்ப்யூட்டர்."

அண்ணை குழம்புச் சட்டியை மூடினார். "அப்ப நீங்களும் ஆஸ்லோவுக்குப் போன ஆள்தான்."

படுத்தேன். தடித்த திரையையும் மீறி வெயில். மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை சூரியன் அங்கே மறைவதே இல்லை. இரண்டு மணி வரை புரண்டுவிட்டு எழுந்து கணக்குப் போட்டேன். ஊரில் விடிகாலை ஐந்தரை. அப்பாவுக்கு போன் போட்டேன். பின்னால் தறிச் சத்தம்.

"இன்னாடா இந்நேரத்துல? தூங்கலியா?"

"இங்க இன்னும் இருட்டவே இல்லப்பா."